அல்லது

படுக்கை விரிப்பின் ஒரு முனை மைத்துனியின் கையில் இருந்தது, மறுமுனை அவன் கையில். நடுவில் மனைவி ஒருக்களித்துக் கிடந்தாள். பழைய விரிப்பை அவள் முதுகுவரை சுருட்டிவிட்டு, புதியதை அதன் பின்னால் நீவி, "இப்ப இந்தப் பக்கம் மாமா" என்று மைத்துனி சொல்ல, அவன் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து அவளைப் புரட்டினான். எடையே இல்லை. அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"எடு," என்றாள் மனைவி.

"இருக்கட்டும்."

"என்னிக்குவாத்தான் இருக்கும். எடுக்கலைன்னா அடிச்சுக்கிட்டே இருப்பாரு."

"அது யாரு, அக்கா?" என்றாள் மைத்துனி.

"எங்க மேனேஜர். எதைச் சொன்னாலும் என்னிக்கு முடியும்பாரு. வீடு பத்தி எரியுதுன்னாக்கூட என்னிக்கு அணையும்னுதான் கேப்பாரு."

இவ்வளவு பேசியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மைத்துனி சிரித்துக்கொண்டே அழுக்கு விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கல்யாணம் ஆகாதவள், பள்ளிக்கூடத்தில் வேலை; அக்காவுக்காக நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியதிலிருந்து முன்னறைதான் நோயாளியின் அறை. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தலைப்பக்கம் உயரும் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தார்கள்.

போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை.

அந்த அழைப்பு எதற்கென்று இருவருக்கும் தெரியும். பொருள்களை மொத்தமாக வாங்கிப் பல ஊர்க் கிடங்குகளில் வைத்து விநியோகிக்கும் கம்பெனி அது. அங்கே ஓடிக்கொண்டிருந்த எல்லா ரிப்போர்ட்டுகளும் அவள் எழுதியவை. அவன் பிற்பாடு அவளுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவன். பிறகுதான் கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகும் ஆபீசில் அவனுக்குப் பெயர் "அவங்க வீட்டுக்காரர்". புதிதாக வருகிறவர்களிடம் அப்படித்தான் அறிமுகம் செய்வார்கள். அவனும் சிரிப்பான்.

அவள் எழுதிய விதம் பழைய விதம். திரையில் எந்தக் கிடங்கு, எந்த மாதம், எந்தச் சரக்கு என்று கட்டங்கள் இருக்கும். பயனர் ஒவ்வொரு கட்டத்தையும் டிக் செய்யச் செய்ய, டேட்டாபேசிடம் கேட்க வேண்டிய கேள்வியில் ஒவ்வொரு துண்டாக ஒட்டிக்கொண்டே போவாள். யார் என்ன புது ரிப்போர்ட் கேட்டாலும் மத்தியானத்துக்குள் கொடுத்துவிடுவாள். எல்லோருக்கும் சந்தோஷம். சென்ற வருடம் பாதுகாப்புச் சோதனைக்கு வெளியிலிருந்து வந்த ஒரு பெண், தேடும் கட்டத்தில் ஒற்றை மேற்கோள் குறியோடு நாலு எழுத்து அடித்தாள். வாடிக்கையாளர்களின் முகவரிகள் அத்தனையும் திரையில் வந்து விழுந்தன. அதோடு முடிவாகிவிட்டது. ஒட்டுப்போட்ட கேள்விகள் எதுவும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் ஓ.ஆர்.எம்.முக்கு மாற்ற வேண்டும். அதில் கேள்வியை நாம் எழுதுவதில்லை. என்ன வேண்டும் என்று சொன்னால் கேள்வியை அதுவே பிழையில்லாமல் கட்டிக்கொள்ளும்.

அதற்குள் அவள் படுத்துவிட்டாள். வேலை அவனுக்கு வந்தது.

விதி ஒன்றுதான். அதே மாதத்துக்கு, அதே கட்டங்களுக்கு, பழைய ரிப்போர்ட் என்ன எண்ணைக் கொடுக்கிறதோ அதையே புதியதும் கொடுக்க வேண்டும். பொருந்திவிட்டால் பழையதை அழித்துவிடலாம். அப்படி ஒவ்வொன்றாக அவளுடையதை அழித்துக்கொண்டு வந்தான். ஆரம்பத்தில் சந்தேகங்களை அவளிடமே கேட்டான். கட்டிலின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "இங்க ஏன் ரெண்டு தடவை தேதியப் பாக்கறே?" என்பான். அவள் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொல்லுவாள். நோயைப் பற்றிப் பேசாமல் அந்த வீட்டில் பேச முடிந்தது அது ஒன்றைத்தான். ஓ.ஆர்.எம். கட்டிய கேள்வியைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குவாள். "தண்ணி கேட்டா இது கிணறு வெட்டறதுலேர்ந்து ஆரம்பிக்குதே" என்பாள். கேலி செய்தாலும் சொல்லும் விஷயம் சரியாக இருக்கும். எப்போதும் சரியாக இருக்கும். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவன் சொன்னதைத் திருத்தும்போதும் சரியாகத்தான் இருந்தது. அவளுக்குக் கர்வம் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளக்கூட வழியில்லை.

கடைசியாக மிஞ்சியது கிடங்குகளில் காணாமல் போகும் சரக்கைக் காட்டும் ரிப்போர்ட். குறைவு ரிப்போர்ட் என்பார்கள். அது மட்டும் பொருந்தவில்லை.

"அந்தக் கடைசி ஒண்ணு என்னாச்சு?" என்றாள் இப்போது. முகத்தில் தெளிவு இருந்தது. காலையில் கொஞ்ச நேரம் அப்படி இருக்கும். பிறகு மருந்து இழுத்துக்கொண்டுவிடும். "பொருந்திடுச்சா?"

பொருந்திடுச்சு என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல."

"உன்னோடதுல ஏதோ விட்டிருப்பே."

"இல்ல. உன்னோடதுலதான்."

அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். "காட்டு."

அவன் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினான். தலையணைக்கு அடியிலிருந்து கண்ணாடியை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டான். உணவுத் தட்டு வைக்கும் பலகையில் லேப்டாப்பை வைத்து, எழுத்தைப் பெரிதாக்கினான். இதையெல்லாம் அவன் எவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்கிறான் என்பதை அவளும் கவனித்திருக்க வேண்டும்.

"மேல போ," என்றாள். "இன்னும். நில்லு."

உதடு அசைய அந்த வரியைப் படித்தாள். இந்தக் கிடங்கில், இந்த மாதத்தில், கணக்கில் குறைந்தவை, அல்லது திரும்பி வரும் வழியில் தொலைந்தவை. 'அல்லது'க்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதை ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அதனால் வழியில் தொலைந்தவற்றையும் சேர்க்கச் சொல்லும் அந்த ஒரு கட்டத்தை டிக் செய்தால் கேள்வியின் அர்த்தமே மாறிவிடும். இந்தக் கிடங்கில் இந்த மாதம் குறைந்தவை, அல்லது எந்த ஊரில் எந்தக் காலத்தில் ஆனாலும் சரி, திரும்பி வரும் வழியில் தொலைந்தவை எல்லாம். ஊரெல்லாம் தொலைந்தது ஒரு கிடங்கின் தலையில் விழும்.

"அடைப்பு போடல," என்றாள்.

"ஆமா."

"நான் போடல."

பின்கட்டில் துவைக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கட்டத்தை யாரும் சாதாரணமாக டிக் செய்வதில்லை. செய்தது ஒரு விசாரணைக்காக. மூன்றாம் எண் கிடங்கின் பொறுப்பாளர்மேல் யாரோ புகார் சொல்லி, தலைமை அலுவலகம் அவர் கணக்கைத் தோண்டி எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தவள் அவள். எண் யாரும் எதிர்பார்க்காத அளவு பெரிதாக இருந்தது. ஆபீசில் மூணாம் நம்பர் என்றே அழைக்கப்பட்ட அந்த மனிதர் இல்லை இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டில் தப்பு இருக்க வாய்ப்பு உண்டா என்று அவளைக் கேட்டபோது, சரிபார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது என்றாள். அவனும் அந்த அறையில் இருந்தான். மூணாம் நம்பரின் வேலை போனது.

"அவரு கிடங்குல உண்மையா எவ்வளவு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. உடைஞ்சது, நசுங்கினது. எல்லாக் கிடங்குலயும் இருக்கற மாதிரிதான்."

கண்ணாடியைக் கழற்றக் கையைத் தூக்கினாள். கை வரவில்லை, கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. அவன் எடுத்து மடித்து வைத்தான்.

"எப்பக் கண்டுபிடிச்சே?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"நீ தூங்கிக்கிட்டிருந்தே."

அவள் தூங்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் அந்த வரியைக் கண்டதும், அவன் எழுந்துபோய் முகம் கழுவினான். சமையலறைக் கண்ணாடி ஜன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டான். அது சந்தோஷப்படுகிற முகம். மூணாம் நம்பரின் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. மைத்துனியிடம் இரண்டாவது முறை சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "இன்னிக்குத்தான் நல்லா சாப்பிடறீங்க" என்று அவள்கூடச் சொன்னாள்.

மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நல்லாக் கண்டுபிடிச்சே," என்றாள்.

இத்தனை வருடத்தில் அவன் வேலையைப் பார்த்து அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அவன் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கட்டிலைத் தாழ்த்தினான். மருந்து கொடுத்தான். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தபோது சுவரைப் பார்த்தபடியே, "சொல்லிடு," என்றாள்.

"யார்கிட்ட?"

நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்தான். மூச்சு மட்டும் கேட்டது.

மத்தியானம் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். அவன் பின்கட்டுக்குப் போய், துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டு பேசினான். ஒண்ணுதான் சார் பாக்கி, பொருந்தல, பாத்துக்கிட்டிருக்கேன் என்றான். என்னிக்கு முடியும் என்று அவர் கேட்டார். "மாமா," என்று மைத்துனி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிடவில்லை. அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. அப்படியும் அவன், "திங்கக்கிழமை சொல்றேன் சார்" என்று பேச்சை முடித்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

மறுநாள் காலையில் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். ஆபீசிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் எழுதிக் கொடுத்த ஏதோ ஒரு ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னார்கள். அவங்க இல்லைன்னா அந்த வருஷம் மூழ்கியிருப்போம் என்றார் ஒருவர். ஒரு தப்பு பார்த்ததில்லை என்றார் இன்னொருவர். அவன் தலையாட்டினான்.

மேனேஜர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. கலங்கியது பொய்யில்லை. யாரோ கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"இந்த நேரத்துல இதைக் கேக்கக் கூடாது."

"கேளுங்க சார்."

"அந்தக் கடைசி ரிப்போர்ட். அது ஒண்ணுக்காகப் பழைய சர்வர நிறுத்த முடியாம கிடக்கு."

"பழசு தப்பு சார்," என்றான். அவளைத் தவிர யாரிடமும் அதைச் சொல்லாததால் வேகமாக வந்தது. அடைப்புக்குறியைப் பற்றி, விசாரணையைப் பற்றி, மூணாம் நம்பரைப் பற்றிச் சொன்னான். மேனேஜர் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கேட்டார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"அவகிட்ட."

"என்ன சொன்னாங்க?"

அவன் தெருவைப் பார்த்தான். "ஒண்ணும் சொல்லல."

"பாருங்க," என்று மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "புதுசு பழசோட பொருந்தணும். நமக்குக் குடுத்த வேலை அவ்வளவுதான். பழசு தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா, அதை வச்சு எடுத்த முடிவெல்லாம் என்னாச்சுன்னு கேப்பாங்க. அந்த ஆளு கோர்ட்டுக்குப் போவான். அது கெடக்கட்டும். வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல அவங்களுக்கு இரங்கல் கூட்டம். படம் பெருசு பண்ணச் சொல்லியிருக்கேன். அந்தப் படத்துக்குக் கீழ நின்னு இதையா பேசறது? அவங்க பேரு என்னாகும்?"

"அப்ப என்ன பண்றது?"

"பழசு என்ன சொல்லுதோ, அதையே புதுசும் சொல்லட்டும்." எழுந்து அவன் தோளைத் தட்டினார். "அவசரமில்ல. நாலு நாள் ரெஸ்ட் எடுங்க." இரண்டடி போய்த் திரும்பி, "திங்கக்கிழமைக்குள்ள முடிஞ்சா நல்லது," என்றார்.

வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டுக்கு வெளியே ஒருவர் நிற்பதை அவன் பார்த்தான். உள்ளே வரலாமா என்று யோசிப்பவர்போல நின்றார். செருப்பிலும் கணுக்காலிலும் சிமெண்டுத் தூசி. முடி முழுக்க நரைத்திருந்தது. அதனால் அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஆபீஸ்காரர்கள் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவன் எழுந்து போனான்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்குமான்னு தெரியல," என்றார் மூணாம் நம்பர்.

"இருக்கு. வாங்க."

"இங்கயே நிக்கறேன் சார். லோடு ஏத்திக்கிட்டிருக்கும்போது கேள்விப்பட்டேன். அப்படியே வந்துட்டேன், கை கால்கூடக் கழுவல." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்னை வெளிய அனுப்பின அன்னிக்கு, கேட்டு வரைக்கும் கூட வந்தது அம்மா ஒருத்தங்கதான். அது உங்களுக்குத் தெரியுமோ என்னமோ."

அவனுக்குத் தெரியாது.

"ரிப்போர்ட் சரியாத்தான் இருக்கு, ஆனா நீங்க எடுத்திருக்க மாட்டீங்க, ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்னு எனக்குப் புரியலன்னாங்க. அப்படியே சொன்னாங்க சார். அதை வீட்டுல போய்ச் சொன்னேன். யாரும் நம்பல. எம் பையன் இன்னிவரைக்கும் எங்கூட நேராப் பேசறதில்ல, அவங்கம்மா வழியாத்தான். ஆனா விவரம் தெரிஞ்ச ஒரு ஆள் அப்படிச் சொன்னாங்களேன்னு அதைப் புடிச்சுக்கிட்டேன்." சிரிக்கப் பார்த்தார். "திரும்பப் பாத்து, என்னிக்காவது கண்டுபிடிச்சுச் சொல்றேன்னாங்க. வேலைக்கு நடுவுல மறந்திருப்பாங்க. எத்தனையோ பேரு."

உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்தான். மேனேஜர் தன் நாற்காலியிலிருந்து கழுத்தை நீட்டி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பத்தி எப்பவாவது பேசியிருக்காங்களா சார்?"

ஒரு வாக்கியம்தான். அதற்குப் பிறகு இந்த மனிதர் உள்ளே போய் அவள் முகத்தைப் பார்ப்பார். எப்படிப் பார்ப்பார் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனைப் பார்த்து, நீங்களும் அன்னிக்கு அந்த அறையில இருந்தீங்களே என்றும் கேட்கலாம்.

"இல்ல," என்றான். "வீட்டுல ஆபீஸ் விஷயம் பேசிக்க மாட்டோம்."

மூணாம் நம்பர் தலையை ஆட்டினார். "அதுவும் நல்லதுதான்," என்றார். உள்ளே போய்ச் சுவரோரமாக நின்று அவளைக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே போனார். அவர் நின்ற இடத்தில் தரையில் இரண்டு வெள்ளைத் தடங்கள் இருந்தன. சற்று நேரத்தில் வண்டி வந்தது. எல்லோருமாக நடந்ததில் அவை அழிந்துவிட்டன.

எல்லாம் முடிந்து, உறவினர்களும் போன பிறகு, அன்று மாலை மைத்துனி கேட்டாள். "கடைசியா உங்ககிட்ட என்ன மாமா பேசினா? நான் துவைச்சுக்கிட்டிருந்தேன். ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டுது."

"தண்ணி கேட்டா."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

அவள் அதற்கே அழுதாள்.

இரங்கல் கூட்டத்துக்கு அவன் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டான். படத்தை எடுத்து அனுப்பியிருந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், மாலை கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். சரியாக எழுதுவதற்கு இரண்டு வரி போதுமாக இருந்தது. தப்பாக எழுத மத்தியானம் ஆகிவிட்டது. ஓ.ஆர்.எம். விடவில்லை. எப்படிச் சொன்னாலும் 'அல்லது'வைச் சுற்றி அடைப்புக்குறியைத் தானாகப் போட்டுவிட்டது. கடைசியில் கேள்வியை இரண்டாக உடைத்து, தனித்தனியாகக் கேட்டு, விடைகளைச் சேர்த்து ஒட்டினான். ஏன் இப்படி என்று பின்னால் வருகிறவன் கேட்பானே என்று மேலே ஒரு குறிப்பு எழுதினான். மூன்று சொல் எழுதியதும் அழித்தான். சோதனையை ஓட்டினான். எல்லா மாதங்களும், எல்லாக் கிடங்குகளும் வரிசையாகப் பொருந்திப் பச்சையாகின. மூன்றாம் எண்ணும் பச்சை. பழைய கோப்பை அழித்தான். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்றான். மேனேஜருக்குச் செய்தி அனுப்பினான். உடனே கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. பிறகு, ஞாயித்துக்கிழமைகூட உக்காந்திருக்கீங்களே, அவங்க மாதிரியே, என்று வந்தது.

உள்ளறையில் மைத்துனி அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். யாருக்காவது கொடுப்பதற்கென்று அக்காவின் துணிகளை மடித்துப் பைகளில் அடுக்கினாள். இரண்டு பைகளைக் கொண்டுவந்து வாசல் பக்கம் வைத்தாள். மறுபடி வரும்போது சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றைக் கையில் பிரித்துப் பிடித்திருந்தாள். ஆபீஸ் ஏசிக்காக வாங்கியது.

"மாமா, இது அக்காவோடதா, உங்களோடதா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அது அவளுடையது. முழங்கையில் நூல் பிரிந்திருந்தது.

"என்னோடது," என்றான்.

மைத்துனி ஸ்வெட்டரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அதை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வெளியே நல்ல வெயில். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் லேப்டாப்பை மூடிவிட்டு, ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டிக்கொண்டான். தோள் இறுக்கியது. கைகளை நீட்டி இழுத்துப் பார்த்தான். மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.